வீடியோவை முடக்கியது எந்தப் பிரிவு?

கேள்வி: சாரத்தில் சின்னதாக ஒரு யூடியூப் செய்தி சேனல் நடத்துகிறேன். ஐந்து மாதம் முன்பு ஒரு போராட்டத்தைப் படம்பிடித்துப் போட்டேன். மூன்றாம் நாளே அது இந்தியாவில் தெரியாமல் போனது. பாரிஸில் இருக்கும் சித்தப்பாவுக்கு மட்டும் தெரிகிறதாம். அரசிடமிருந்து நோட்டீஸ் எதுவும் வரவில்லை. யூடியூப் அனுப்பிய மெயிலையும் டெலிட் செய்துவிட்டேன். கோர்ட்டுக்குப் போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சாரம், புதுச்சேரி

பதில்: போகலாம். ஆனால் எந்த உத்தரவை எதிர்த்து? உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்தான்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, பதிவுகளை முடக்க மத்திய அரசின் கையில் மட்டும் உள்ள அதிகாரம். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்கே அதைப் பயன்படுத்தலாம். யாருக்கோ அவப்பெயர் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. உத்தரவு அதே சட்டத்தின் 79(3)(பி) வழியாக வந்திருந்தால் விஷயம் வேறு. ‘சட்டவிரோதம்’ என்று சொல்லி மாநில, யூனியன் பிரதேச அதிகாரிகளும் அதில் நோட்டீஸ் அனுப்புகிறார்கள்.

வீடியோவைத் திறந்தால் திரையில் ஒரு வரி வருமே, படித்தீர்களா? தேசப் பாதுகாப்பு அல்லது பொது ஒழுங்கு தொடர்பான அரசு உத்தரவு என்றிருந்தால் 69ஏ என்று ஊகிக்கலாம். ஊகத்தை வைத்து ரிட் போட முடியாது. அதற்குத்தான் அந்த மெயில்.

அதைப் போய் டெலிட் செய்திருக்கிறீர்கள்! பத்து வருஷத்து வீட்டுவரி ரசீதையெல்லாம் பீரோவில் பூட்டி வைக்கிறோம். மெயில் என்றால் மட்டும் காகிதமாகவே தெரிவதில்லை. ஜிமெயில் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். அந்த வாரமே கேட்டிருந்தால் மீட்டிருக்கலாம். இப்போது யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவுக்கு நேரே ஏதாவது குறிப்பு இருக்கிறதா பார்த்து இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மெயிலின் நகல் கேட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட்டும் போதாது. பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும்.

ரிட் மனுவுக்குக் காலக்கெடு கிடையாதுதான். இருந்தாலும் ஐந்து மாதம் என்ன செய்தீர்கள் என்று நீதிபதி கேட்பார். மோடியைக் கைவிலங்கோடு ட்ரம்ப் பக்கத்தில் உட்காரவைத்த கார்ட்டூனுக்காக விகடன் தளம் முடங்கியது 2025 பிப்ரவரி 15-ல். மார்ச் 6-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவே வந்துவிட்டது: கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்தால் தளத்தைத் திறக்க வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரே வீடியோ. அப்படி விட்டுக்கொடுத்துத் திறக்கவைக்க எதுவும் இல்லை.

69ஏ என்று உறுதியானால் பிடிமானம் உண்டு. 2015 மார்ச் 24-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லும் என்றபோதே, காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதை ரிட் மனுவில் எதிர்க்கலாம் என்றது. பதிவிட்டவரை அடையாளம் காண முடிந்தால் அவரையும் கேட்க வேண்டும். சேனலில் உங்கள் பெயரும் போன் நம்பரும் இருந்தனவா? வரதட்சணையைக் கிண்டல் செய்த ஒரு தளத்தின் வழக்கில், முடக்க உத்தரவின் நகலைக் கொடுத்து விசாரணையும் நடத்தும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2022-ல் சொன்னது. நீங்களும் முதலில் அதையே கேட்கலாம். ஆனால் டெல்லி உத்தரவு சென்னையைக் கட்டுப்படுத்தாது. அவசர முடக்கத்துக்குத் தனி விதி இருப்பதையும் மறக்க வேண்டாம்.

ஆர்டிஐ போடுவதை மட்டும் நம்பாதீர்கள். 2009 முடக்க விதிகளில் 16-ஆம் விதியின் ரகசியத்தைக் காட்டி மறுப்பார்கள். அதே வீடியோவை வேறு பெயரில் ஏற்றவும் வேண்டாம்.

வீடியோவில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. எனவே இதை வைத்துக்கொண்டு மனு எழுதிவிடாதீர்கள். புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றம் சென்னைதான். அங்கே ரிட் வழக்கு நடத்தும் வழக்கறிஞரை இந்த வாரமே நேரில் பாருங்கள். வீடியோ எடுத்த போன் இன்னும் உங்களிடம் இருந்தால், அவர் பார்க்கும்வரை அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.