சேய்ச் செயன்முறைகளை அளத்தல்

செய்நிரலொன்றைச் சோதிக்குங்கால், அதன் எவ்வரிகள் இயங்கின, எவை இயங்காது கிடந்தன என்று கணக்கிடுதல் நன்று. பைதன் மொழியில் இக்கணக்கை எடுப்பது நெட் பாட்செல்டர் பேணிவரும் கவரேஜ் என்னும் கருவி. ஆயின், அச்செய்நிரல் வேறொரு பைதன் செயன்முறையைத் தோற்றுவிக்குமாயின், தாயை அளக்கும் கருவி சேயை அறியாது. சேயில் ஓடிய வரிகளும் ஓடாதவையென்றே கணக்கில் விழும்.

இதற்கு வழி உண்டு. பைதன் தொடங்கும்போதே, தொகுதிகள் நிறுவப்பட்ட கோப்புறையிலுள்ள 'பி.டி.எச்.' என்னும் ஈறுடைய கோப்புகளைப் படித்து, அவற்றில் 'இம்போர்ட்' எனத் தொடங்கும் வரிகளை இயக்கும். அங்கே அளவீட்டைத் தொடக்கும் வரியொன்றை எழுதி, கருவியின் அமைப்புக் கோப்பு இருக்குமிடத்தைச் சூழல் மாறியொன்றில் இட்டால், ஒவ்வொரு சேயும் பிறக்கும்போதே அளக்கப்படும். தரவுகளைத் தனித்தனிக் கோப்புகளில் எழுதுவித்து, ஈற்றில் ஒன்றுசேர்த்தல் வேண்டும். (2025இல் வெளிவந்த 7.10ஆம் பதிப்பு முதல் அமைப்புக் கோப்பில் ஒரு வரியே இதற்குப் போதும்.)

அவ்வமைப்புக் கோப்பு காணப்படாவிடின் என்னாகும்? பைதன் வழுச்செய்தியை வழு வெளியீட்டில் எழுதி, 'பி.டி.எச்.' கோப்பின் எஞ்சிய வரிகளை விடுத்து, மேலே செல்லும். சேய் பிழைக்கும், அளவீடு மாத்திரம் நிகழாது. இதனை வழுவமைதி எனலாமோ? இலக்கணத்தில் வழுவமைதிக்குக் காரணம் கூறப்படும். இங்கோ, சேயின் வழு வெளியீட்டைச் சோதனையே வாங்கி வைத்துக்கொண்டால், காரணங் கூறும் செய்தி எவர் கண்ணிலும் படாது. ஆகவே, குறைந்த எண்ணைக் கண்டதும் புதிய சோதனை எழுத விரையாது, சேயின் தரவுக் கோப்பு உண்டா என்று முதலிற் பார்க்க. இல்லையெனின், தொடக்கத்தில் வழு நேர்ந்திருக்கலாம். அன்றேல், தரவு முடிவிலேயே எழுதப்படுவதால், சேய் இடையில் வலிந்து நிறுத்தப்பட்டிருக்கலாம்.