வலைப்பூ வளர வேண்டுமானால்…

வாசிக்கும் முன் சிந்திப்போம்: இணையத்தில் நீங்கள் இறுதிவரை வாசித்த தமிழ்ப் பதிவு எது? உங்களைப் பாதியில் நிற்கவிடாமல் வாசிக்க வைத்தது எது?

தொடங்குவது எளிது

ஒரு வலைப்பூவைத் தொடங்க அரை மணி நேரம் போதும். அச்சகம் தேட வேண்டியதில்லை, பணமும் தேவையில்லை. ஒரு பெயரைச் சூட்டி, பிடித்த வண்ணத்தைத் தேர்ந்து, "என் வலைப்பூவிற்கு உங்களை அன்புடன் வரவேற்கிறேன்" என எழுதினால் வலைப்பூ மலர்ந்துவிடும். ஆனால், அந்த வரவேற்புரையோடு வாடிப்போன வலைப்பூக்கள் பல. மூன்றாவது பதிவில் எதை எழுதுவது என்று தெரியாமல் பிறர் எழுதியதை வெட்டி ஒட்டத் தொடங்கியவையும் உண்டு. அப்படியானால், ஒரு வலைப்பூ எப்படி வளர்கிறது? அதை எழுதுபவர் எப்படி வளர்கிறார்?

நாளிதழ்கள் நடத்திய பயிற்சி

இந்தக் கேள்வி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1924ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' இதழ் தோன்றியது. 1950ஆம் ஆண்டில் அவ்விதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' என்ற பகுதியை நடத்தினர். கதை எழுத விரும்பியவர்களுக்கு அதில் பாடமும் பயிற்சியும் கிடைத்தன. மலாயாவின் சிறுகதை வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது இந்த வகுப்பை இன்றும் குறிப்பிடுவர். அதே காலக்கட்டத்தில், கோ. சாரங்கபாணி 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழின் 'மாணவர் மணிமன்றம்' இளையோரின் எழுத்துக்கு இடமளித்தது.

எழுதியதை ஒருவர் வாசித்து, பிழையைச் சுட்டிக்காட்டி, மீண்டும் எழுதத் தூண்டியதே அன்றைய பயிற்சியின் பயன். தோட்டத்திலும் சிற்றூரிலும் வாழ்ந்தவர்கள் எழுத்தாளர்களாக உயர இத்தகைய பகுதிகள் படிக்கல்லாக விளங்கின.

தமிழ் நேசன் 2019ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் தன் பணியை நிறுத்திக்கொண்டது. ஓர் இதழ் நின்றால் செய்தி மட்டுமா நிற்கிறது? புதிதாக எழுதுபவர் தம் பெயரை முதன்முதலில் அச்சில் காணும் இடமும் மறைந்துவிடுகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பும் வாய்ப்பு இன்று உங்கள் மடிக்கணினியில் இருக்கிறது.

தமிழ் திரையேறிய கதை

வலைப்பதிவைக் குறிக்கும் 'வெப்லாக்' என்ற ஆங்கிலச் சொல் 1997இல் பிறந்தது. 1999இல் அது 'பிளாக்' எனச் சுருங்கியது. அதே ஆண்டில் 'பிளாகர்' சேவையும் 2003இல் 'வேர்ட்பிரஸ்' மென்பொருளும் வெளிவந்தன. ஆனால், தமிழில் எழுத இவை மட்டும் போதா. தொடக்கத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு குறியாக்க முறையைப் பின்பற்றியது. எழுதியவரிடமிருந்த எழுத்துரு வாசிப்பவரிடம் இல்லையென்றால் திரையில் தமிழுக்குப் பதிலாகப் புரியாத குறிகளே தோன்றும். யூனிகோட் எனப்படும் ஒருங்குறி பரவிய பிறகே இச்சிக்கல் தீர்ந்தது.

இந்தப் பயணத்தில் நம் நாட்டவரின் பங்கு பெரிது. முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் கணினியில் தமிழ் எழுதுவதற்கான 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். அது பின்னர் 'முரசு அஞ்சல்' என வளர்ந்தது. கைப்பேசியில் தமிழ் எழுத உதவும் 'செல்லினம்' 2005ஆம் ஆண்டு பொங்கலின்போது வெளியீடு கண்டது. 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டி, உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழ் வலைப்பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டியது. கருவி கைக்கு வந்துவிட்டது. இனி வேண்டுவது சொல்வதற்கு ஒரு செய்தி.

பூச்சோங்கில் ஒரு வலைப்பூ

பூச்சோங்கில் வாழும் படிவம் நான்கு மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். அவளுடைய முதல் பதிவு இப்படித் தொடங்குகிறது: "பூச்சோங் வேகமாக வளர்ந்து வரும் ஓர் அழகிய நகரம். இங்குப் பல பேரங்காடிகளும் உணவகங்களும் உள்ளன." இதில் பிழை ஏதுமில்லை. ஆனால், பூச்சோங் என்பதை நீக்கிவிட்டுக் கிள்ளான் என்றோ காஜாங் என்றோ எழுதினாலும் பொருந்தும். எந்த ஊருக்கும் பொருந்தும் வரியில் எழுதியவரின் கண் இல்லை.

ஒரு மாலைப்பொழுதில் அவள் தன் பாட்டியிடம் பேச்சுக் கொடுக்கிறாள்.

"பாட்டி, இந்த இடம் முன்னே எப்படி இருந்துச்சு?"

"எல்லாம் ரப்பர் காடும் ஈயக்குட்டையும்தான்மா. விடியுமுன்னே பெரட்டுக்குப் போய் நிக்கணும். அப்புறம் மரம் வெட்டப் போவேன்."

மாணவி உடனே எழுதுகிறாள்: "என் பாட்டி நாள்தோறும் காட்டிற்குச் சென்று மரங்களை வெட்டிச் சாய்த்தார்." பதிவேற்றியும் விடுகிறாள். இரண்டு நாள்களில் பதினொருவர் மட்டுமே அப்பதிவைப் பார்த்திருக்கின்றனர். அவளுக்கு ஏமாற்றம். ஆனால், அந்தப் பதினொருவருள் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் இருந்தார். அவர் பின்னூட்டம் எழுதினார்: "மகளே, தோட்டத்தில் மரம் வெட்டுவது என்றால் சாய்ப்பதில்லை. பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. மரத்தைச் சாய்த்தால் மறுநாள் மங்கில் எது வடியும்?"

மாணவிக்கு வெட்கமாக இருந்தது. பதிவை ஓசைப்படாமல் அழித்துவிடலாம், பின்னூட்டத்தை நீக்கிவிடலாம். அவள் இரண்டையும் செய்யவில்லை. மீண்டும் பாட்டியிடம் சென்றாள். விடியுமுன் ஏன் போக வேண்டும் என்று கேட்டாள். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும், வெயில் ஏறினால் குறைந்துவிடும் என்று பாட்டி விளக்கினார். மாணவி பதிவைத் திருத்தி எழுதினாள். அதன் அடியில், "முதலில் தவறாக எழுதியிருந்தேன். சுட்டிக்காட்டிய பெரியவருக்கு நன்றி" என்ற குறிப்பையும் சேர்த்தாள். புதிய பதிவு இப்படித் தொடங்கியது: "நான் இன்று எல்.ஆர்.டி. ஏறும் ஊரில், என் பாட்டி விடியுமுன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நடந்தார்." இந்த வரியை வேறு யாராலும் எழுத முடியாது.

அந்நிகழ்வு தரும் பாடம்

முதலாவது, அருகில் இருப்பதை எழுதுங்கள். உலகப் புகழ்பெற்ற செய்திகளை எழுத ஆயிரம் பேர் உள்ளனர். உங்கள் பாட்டியின் கதையை எழுத நீங்கள் ஒருவரே இருக்கிறீர்கள்.

இரண்டாவது, கேட்டதையும் சரிபார்த்த பிறகே வெளியிடுங்கள். தெரிந்த சொல்லே வேறு பொருளைத் தரலாம். ஆண்டு, பெயர், இடம் ஆகியவற்றை இரண்டாவது மூலத்தோடு ஒப்பிடுங்கள். எடுத்துக்காட்டாக, பூச்சோங்கிற்கு எல்.ஆர்.டி. சேவை வந்தது 2016ஆம் ஆண்டில். நினைவிலிருந்து எழுதினால் இத்தகைய எண் எளிதில் தவறிவிடும்.

மூன்றாவது, எழுதியதும் வெளியிடாதீர்கள். ஓரிரவு கழித்து உரக்க வாசித்துப் பாருங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தைப் பிரியுங்கள். லகர, ழகர, ளகரப் பிழைகளைக் களையுங்கள். பெரும்பாலோர் கைப்பேசியில் வாசிப்பதால் பத்திகள் சிறியனவாக இருக்கட்டும். தலைப்பும் பேச வேண்டும். 'என் பாட்டி' என்பதைவிட 'பாட்டி சென்ற வெட்டுக்காடு' என்பது வாசகரை உள்ளே அழைக்கும்.

நான்காவது, பிறர் உடைமையை மதியுங்கள். இணையத்தில் கிடைப்பதால் ஒரு படம் பொதுச் சொத்தாகிவிடாது. நம் நாட்டில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் படைப்புகளைப் பாதுகாக்கிறது. சொந்தப் படத்தைப் பயன்படுத்துங்கள். அல்லது உரியவரிடம் அனுமதி பெறுங்கள். பாட்டியே ஆனாலும், அவர் படத்தையும் கதையையும் வெளியிட அவருடைய இசைவு வேண்டும். வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒருபோதும் வெளியிடாதீர்கள்.

ஐந்தாவது, எண்ணிக்கைக்கு மயங்காதீர்கள். நாளுக்கொரு பதிவு எழுதி ஒரு மாதத்தில் ஓய்ந்துபோவதைவிட, மாதம் இரண்டு பதிவுகளை ஆண்டு முழுவதும் எழுதுவது சிறப்பு. பார்வையாளர் எண்ணிக்கை வளர்ச்சியின் ஓர் அடையாளம் மட்டுமே. பதினொருவர் பார்த்த பதிவில் ஒருவர் எழுதிய பின்னூட்டமே அந்த மாணவியை எழுத்தாளராக்கியது. வசைமொழிக்கு மறுமொழி வேண்டியதில்லை. திருத்தமோ நன்றியோடு ஏற்க வேண்டியது.

மறையும் முன் எழுதுவோம்

பூச்சோங்கின் தோட்டங்கள் குடியிருப்புகளாகவும் கடைவீதிகளாகவும் மாறிவிட்டன. காசல்பீல்டு, கின்ராரா ஆகிய தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் வாழ்கின்றன. பெரட்டு, மங்கு, வெட்டுக்காடு, லயம் ஆகிய சொற்களோ முதியவர்களின் பேச்சில்தான் மிஞ்சியிருக்கின்றன. அவர்களிடம் கேட்கவும் கேட்டதைப் பிழையின்றி எழுதவும் இன்னும் காலம் இருக்கிறது. ஆனால், நெடுங்காலம் இல்லை. இந்த வாரம் உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் ஒரு கேள்வியாவது கேளுங்கள். உங்கள் வலைப்பூவின் அடுத்த பதிவு அங்கே காத்திருக்கிறது.

சொற்பொருள்
வெட்டுக்காடு – ரப்பர் பால் எடுக்கும் தோட்டப் பகுதி
பெரட்டு – வேலைக்கு முன் தொழிலாளர்கள் கூடிப் பெயர் கொடுத்தல்
மங்கு – ரப்பர் பால் வடியும் கிண்ணம்
லயம் – தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்
பின்னூட்டம் – பதிவிற்கு வாசகர் எழுதும் கருத்து
திரட்டி – பல வலைப்பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் தளம்

கருத்துணர் கேள்விகள்
1. 'கதை வகுப்பு', இன்றைய வலைப்பூப் பின்னூட்டம் ஆகிய இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை ஒன்றனையும் வேற்றுமை ஒன்றனையும் எழுதுக.
2. மாணவியின் முதல் பதிவில் "எழுதியவரின் கண் இல்லை" எனக் கூறப்படுவது ஏன்?
3. மாணவி பின்னூட்டத்தை நீக்காமல் பதிவைத் திருத்தியது அவளுடைய எப்பண்பைக் காட்டுகிறது? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நடவடிக்கை
உங்கள் வட்டாரத்தில் வாழும் மூத்தவர் ஒருவரை நேர்காணல் செய்க. அவர் பயன்படுத்தும் பழஞ்சொற்களுள் மூன்றனைக் கண்டறிந்து, அவற்றின் பொருளை அவரிடமே உறுதிசெய்து, 150 சொற்களில் ஒரு வலைப்பதிவு எழுதுக. நண்பரிடம் கொடுத்துக் கருத்துப் பெற்றபின் திருத்தி எழுதுக.