வளைந்த ஊசிகள்

கணினியின் உறுப்புகளைத் தாங்கி, அவற்றை ஒன்றோடொன்று இணைப்பது தாய்ப்பலகை. கடையில் ‘மதர்போர்டு’ என்று கேட்டால்தான் கிடைக்கும்.

ஆலுவாவில் என் வீட்டிலுள்ள கணினியின் வேகத்தைக் கூட்ட எண்ணி, சென்ற விடுமுறையில் அதன் செயலியை நானே மாற்ற முற்பட்டேன். புதிய செயலி விரலிலிருந்து நழுவி, அதைப் பொருத்த வேண்டிய குழியின்மீது சாய்வாக விழுந்தது. குனிந்து பார்த்தேன். வரிசையாக நின்ற ஊசிகளுள் நான்கு வளைந்திருந்தன.

முன்பெல்லாம் ஊசிகள் செயலியின் அடியில் இருந்தன. 2004ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் எல்.ஜி.ஏ. 775 என்னும் அமைப்பைக் கொண்டுவந்தபோது, அவற்றைத் தாய்ப்பலகைக்கு மாற்றியது. 775 என்பது ஊசிகளின் எண்ணிக்கை. என் கணினியில் 1151 ஊசிகள்!

‘மூடிவிட்டு மின்சாரம் கொடுத்துப் பார்ப்போம், ஓடினாலும் ஓடும்’ என்று மனம் சொன்னது. வளைந்த ஊசி பக்கத்து ஊசியைத் தொட்டிருந்தால் குறுக்குச்சுற்று ஏற்பட்டு, பலகையோடு புதிய செயலியும் கருகியிருக்கலாம். தவறி நேர்ந்த சேதத்திற்குப் பொதுவாக உத்தரவாதமும் கிடையாது.

மின்கம்பியைப் பிடுங்கினேன். வீட்டாரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. வேலையாளை அழைக்கலாம் என்று முன்பே சொன்னவர்கள் அவர்கள். ஆனால், சொல்லாமல் விட்டால் மாலையில் என் மகள் கம்பியைச் செருகிப் பொத்தானை அழுத்துவாள். ஆகவே சொன்னேன். சிரித்தார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் பலகையை அட்டைப்பெட்டியில் வைத்து, மெட்ரோ இரயிலேறி எம்.ஜி. சாலையில் இறங்கி, மரைன் டிரைவிலுள்ள பென்டா மேனகா வணிக வளாகத்திற்குச் சென்றேன். பழுதுபார்ப்பவர் முதலில் கேட்டது ஒன்றே: “மாஷே, கரண்ட் கொடுத்தோ?” இல்லை என்றேன். அவர் முகம் தெளிந்தது.

உருப்பெருக்கியின் கீழ் நுண்ணிய இடுக்கியால் ஒவ்வோர் ஊசியையும் ஒரே முயற்சியில் நிமிர்த்தினார். முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் மெல்லிய உலோகம் ஒடிந்துவிடும். ஒடிந்தால் பெரும்பாலும் பலகையையே மாற்ற நேரும். தையல் ஊசியால் நானே நிமிர்த்த நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை.

விடைபெறும்போது குழியை மூடும் சிறு நெகிழி மூடி ஒன்றைத் தந்தார். புதுப்பலகையோடு வரும் அதை நான் அன்றே குப்பையில் எறிந்திருந்தேன்.

பயிற்சி

1. பழுதுபார்ப்பவரின் முகம் தெளிந்தது ஏன்?
2. பிரித்து எழுதுக: தாய்ப்பலகை, மின்கம்பி.
3. உங்கள் கை தவறி வீட்டுப் பொருளொன்று பழுதானதாகக் கொண்டு, பணிக்குச் சென்றுள்ள தந்தைக்கு அதைத் தெரிவித்து ஐந்து வரிகளில் கடிதம் எழுதுக.