பழைய படகும் பதறாத கைகளும்

பின்வரும் பகுதியை வாசித்திடுக.

சாய்ந்த கோபுரத்தால் பெயர் பெற்ற தெலுக் இந்தான், பேராக் ஆற்றின் கரையில் அமைந்த ஊர். அவ்வூரில் ஒரு வீட்டின் முற்றத்தில், மாமரத்தடியில், பழைய விசைப்படகு ஒன்று மரக்கட்டைகளின்மேல் வைக்கப்பட்டிருந்தது. அதன் நீளம் 14 அடி. வெயிலில் நிறம் வெளுத்து, பாசி படிந்து, உள்ளே மழைநீர் தேங்கிக் கிடந்தது. பக்கத்துத் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற மலாய் மீனவர் ஒருவர் அதைக் குறைந்த விலைக்குக் கொடுத்திருந்தார். அந்தக் குடும்பத்தினர் அவரைப் 'பாக் சிக்' என்று அன்போடு அழைப்பர்.

படகை வாங்கியவர் லாரிப் பட்டறை ஒன்றில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். வார இறுதியில் தமக்கென்று ஒரு வேலையைச் செய்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வேறொரு காரணமும் இருந்தது. அவருடைய தந்தை இளமையில் அக்கரையிலிருந்த தோட்டத்தில் வேலை செய்தவர். நாள்தோறும் சம்பானில் ஆற்றைக் கடந்தவர். பாலம் வந்த பிறகு அவர் படகில் ஏறவே இல்லை. "தீபாவளி விடுமுறையில் உங்களை ஆற்றில் அழைத்துச் செல்கிறேன், அப்பா" என்று மகன் வாக்குக் கொடுத்திருந்தார். படகுக்கு என்ன நிறம் பூசுவது என்பதைத் தாத்தாவே முடிவு செய்தார். இரண்டு டின் நீலச் சாயம் வாங்கி வைக்கப்பட்டது. தீபாவளிக்கு இன்னும் ஏழு வாரங்கள் இருந்தன.

தட்டிப் பார்த்தால் தெரியும்

முதல் வாரம் படகைக் கழுவுவதிலேயே கழிந்தது. படிவம் நான்கில் பயிலும் மகள் அப்பாவுக்குத் துணை நின்றாள். பாசி நீங்கியதும், சில கீறல்களைத் தவிரப் பெரிய குறை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. "உப்புத்தாளால் தேய்த்துச் சாயம் பூசினால் போதும்" என்றார் அப்பா.

அன்று மாலை படகைப் பார்க்க வந்த பாக் சிக், சாயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுத்தியலின் மரக் கைப்பிடியால் படகின் உடலை ஒவ்வோர் இடமாகத் தட்டத் தொடங்கினார். பிறகு சுத்தியலைச் சிறுமியிடம் கொடுத்து, "நீ தட்டு, காது கொடுத்துக் கேள்" என்றார். பக்கச்சுவரில் 'டக் டக்' என்று தெளிவான ஒலி எழுந்தது. ஆனால், இயந்திரம் மாட்டப்படும் பின்பலகையில் தட்டியபோது 'தொப் தொப்' என்று மங்கலான ஒலியே கேட்டது.

"அப்பா, இங்கே வந்து கேளுங்கள். தலையணையைத் தட்டுவது போல் இருக்கிறது!"

அந்தப் படகு கண்ணாடியிழையால் ஆனது. கண்ணாடியிழை மரத்தைப் போல் மக்கிப்போவதில்லை. ஆயினும், இயந்திரத்தின் எடையைத் தாங்குவதற்காகப் பின்பலகையின் நடுவே ஒட்டுப்பலகையை வைத்து, இருபுறமும் கண்ணாடியிழையால் மூடுவது பழைய படகுகளில் வழக்கம். இயந்திரத்தைப் பொருத்துவதற்காக இட்ட துளைகளைச் சரியாக அடைக்காவிட்டால், அவற்றின் வழியே நீர் சிறிது சிறிதாக உள்ளே கசியும். அவ்வாறு கசிந்த நீர் எளிதில் வெளியேறாது. வெளியே பளபளப்பு இருக்கும்போதே உள்ளே மரம் மக்கிவிடும்.

மறுநாள் அப்பா பின்பலகையின் உட்புறத்தில் சிறு துளை ஒன்றை இட்டுப் பார்த்தார். உலர்ந்த, வெளிர்நிறத் தூள் வந்தால் பலகை நன்றாக உள்ளது என்று பொருள். வந்ததோ கறுத்த, ஈரமான தூள். அதைத் தொடர்ந்து பழுப்பு நிற நீரும் வடிந்தது.

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பின்பலகையை மாற்றுவதென்றால் தீபாவளிக்குள் வேலை முடியாது. "இப்போதைக்கு மேலே பூசி மறைத்துவிட்டு, ஒரே ஒரு முறை ஓட்டலாமே. மெதுவாகத்தானே போகப் போகிறோம்" என்றார்.

"லாரி பழுதானால் சாலையோரம் நிறுத்தலாம். நடு ஆற்றில் எங்கே நிறுத்துவது?" என்று கேட்டார் பாக் சிக். பின்பலகை உடைந்தால் இயந்திரம் கழன்று விழலாம். அந்த வழியே நீர் புகுந்து படகு சில நிமிடங்களில் மூழ்கலாம் என்பதையும் அவர் விளக்கினார்.

மகள் படகின் பின்பகுதியில் இருந்த இருக்கையைப் பார்த்தாள். "தாத்தா இங்கேதானே உட்காருவார், அப்பா?" என்றாள்.

அதன்பின் அப்பா வாதாடவில்லை. அன்றிரவு தம் தந்தையிடம் சென்று, சொன்ன நாளில் அழைத்துச் செல்ல முடியாததை எடுத்துரைத்தார். "பாலம் வந்து இத்தனை வருடம் ஆகிவிட்டது. இன்னும் நாலு மாதம் காத்திருக்க மாட்டேனா?" என்று சிரித்தார் தாத்தா. சாய டின்கள் சாமான் அறைக்குச் சென்றன.

அளவு தவறினால்

மறுவாரம் உண்மையான வேலை தொடங்கியது. அப்பா கண்ணாடியும் தூசு வடிகட்டும் முகக்கவசமும் நீளக்கைச் சட்டையும் அணிந்து, பின்பலகையின் உட்பக்க ஓட்டை அறுத்து எடுத்தார். கண்ணாடியிழைத் தூள் தோலில் பட்டால் அரிக்கும். மூச்சில் புகுந்தால் நுரையீரலுக்குக் கேடு. ஆகவே, அறுக்கும் வேலை முடியும்வரை மகள் தள்ளியே நின்றாள். உள்ளே இருந்த பலகை, தேநீரில் ஊறிய பிஸ்கட்டைப் போல் கையோடு பிய்ந்து வந்தது. வெளிப்பக்க ஓடு மட்டும் அப்படியே விடப்பட்டது. புதிய பலகைக்கு அதுவே அச்சாகப் பயன்படும்.

பிறகு காத்திருப்பு. ஆண்டின் இறுதி மாதங்களில் மாலைதோறும் மழை பெய்தது. படகின்மேல் கூடாரத் துணியைக் கட்டி, பக்கங்களில் காற்றுப் புக இடம் விட்டனர். ஈரம் முழுமையாக உலராமல் புதிய பலகையை ஒட்டினால், பழைய நோய் மீண்டும் உள்ளேயே அடைபட்டுவிடும். மூன்று வாரங்கள் வேறு வேலை நடக்கவில்லை. அந்நாள்களில் மகள் அட்டையில் பின்பலகையின் வடிவத்தை வெட்டி, பொருந்துகிறதா என்று பலமுறை சரிபார்த்தாள். அந்த அட்டையை வைத்தே, 18 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு ஒட்டுப்பலகைகள் அறுக்கப்பட்டு ஒன்றாக இணைக்கப்பட்டன.

பலகையைப் படகோடு ஒட்டுவதற்கு 'எப்பாக்சி' எனும் பசை பயன்படுத்தப்பட்டது. அது இரண்டு திரவங்களாக விற்கப்படுகிறது. ஒன்று பசை, மற்றொன்று கடினமாக்கி. இரண்டையும் தயாரிப்பாளர் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்தால்தான் அது கல்போல் இறுகும். பட்டறையில் பல ஆண்டு அனுபவம் உள்ள அப்பா, முதற்கலவையைக் கண்ணளவில் கலந்தார். விரைவாக இறுகட்டும் என்று கடினமாக்கியைச் சற்றுக் கூடுதலாகவும் ஊற்றினார். நல்லவேளையாக, பலகையை ஒட்டுவதற்குமுன் அதன் விளிம்பில் மட்டுமே அதைப் பூசியிருந்தார். மூன்று நாள் கழித்தும் அது பிசுபிசுவென்று ஒட்டியது.

எப்பாக்சியில் கடினமாக்கியின் ஒவ்வொரு பகுதியும் பசையின் ஒரு பகுதியோடு சேர்ந்து வினைபுரிகிறது. கடினமாக்கி கூடினால், மிஞ்சியது இணை இல்லாமல் அப்படியே தங்கிவிடும். அதனால் அது விரைவாக இறுகாமல், முழுமையாக இறுகாமலே போகும். வேதியியல் பாடத்தில் படித்த விகிதம், வீட்டு முற்றத்தில் கண்முன்னே நிற்பதைக் கண்டாள் மகள்.

பிசுபிசுத்த பூச்சைச் சுரண்டி எடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. அடுத்த முறை அவள் சிறிய மின்தராசு ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு கலவையின் எடையையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதினாள். அப்பா கையுறை அணிந்து கலக்கினார். நமது வெப்பநிலையில் பசை விரைவில் சூடேறி இறுகும் என்பதால், சிறு சிறு அளவாகவே கலந்தனர். பலகை ஒட்டப்பட்டு, அதன்மேல் கண்ணாடியிழைத் துணி அடுக்கடுக்காகப் பதிக்கப்பட்டது.

இறுதியாக, பழைய குறைக்குக் காரணமான துளைகளின்மேல் கவனம் சென்றது. இயந்திரத்தின் திருகாணிகளுக்குத் தேவையானதைவிடப் பெரிய துளைகளை இட்டு, அவற்றைக் கெட்டியான எப்பாக்சியால் நிரப்பினர். அது இறுகிய பின், அதன் நடுவே சரியான அளவில் மீண்டும் துளையிட்டனர். இப்போது திருகாணியைச் சுற்றி எப்பாக்சிச் சுவர் இருக்கிறது. நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

உறங்கிய இயந்திரம்

இயந்திர வேலை அப்பாவுக்குக் கைவந்த கலை. பல ஆண்டுகள் தேங்கிய பெட்ரோல் கெட்டுப் பிசினாகி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருந்தது. அவர் அதைக் கழற்றிச் சுத்தம் செய்தார். விறைத்துப்போன எரிபொருள் குழாயையும், குளிர்நீரை உறிஞ்சும் இறப்பர் விசிறியையும் மாற்றினார். அடிப்பகுதியின் பல்சக்கர எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தது. உள்ளே நீர் புகுந்ததற்கு அதுவே அடையாளம். அங்கிருந்த இறப்பர் வளையங்களும் மாற்றப்பட்டன.

பின்னர் இயந்திரத்தின் கீழ்ப்பகுதியை நீர் நிரம்பிய பீப்பாயில் அமிழ்த்தி, திறந்த வெளியில் ஓட்டிப் பார்த்தனர். நீர் இல்லாமல் ஓட்டினால் இறப்பர் விசிறி சிறிது நேரத்திலேயே தேய்ந்துவிடும். இயந்திரம் இருமி, புகைந்து, பிறகு சீராக ஓடியது. பின்புறத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சியது. குளிர்நீர் ஓட்டம் சரியாக இருக்கிறது என்பதற்கு அது சான்று.

[உங்களுக்குத் தெரியுமா? நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், படகின் பின்புறத்தில் மாட்டக்கூடிய இயந்திரத்தை 1909ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். வெயில் நாளில் ஏரியின் மறுகரையிலிருந்து துடுப்புப் போட்டுக் கொண்டுவந்த ஐஸ்கிரீம் வழியிலேயே உருகியதால்தான் அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்று கூறுவர். அவருடைய மனைவி பெஸ், விளம்பரத்தையும் வணிகத்தையும் கவனித்துக்கொண்டார்.]

மீண்டும் ஆற்றில்

தைப்பூசம் முடிந்து இரண்டு வாரங்கள் கழித்து, நீலப் படகு ஆற்றங்கரைக்குச் சென்றது. பாக் சிக்கும் உடன் வந்தார். மகள் தன் குறிப்பேட்டிலிருந்த சரிபார்ப்புப் பட்டியலை உரக்க வாசித்தாள்.

"உயிர்காப்பு அங்கி?"

"எல்லாருக்கும் இருக்கிறது."

"இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு?"

"என் கையில் கட்டியாயிற்று."

"வடிதுளை மூடி?"

அப்பா சட்டைப்பையைத் தடவினார். மழைநீர் வடிவதற்காகக் கழற்றி வைத்த மூடி பையிலேயே இருந்தது! அதை மாட்டாமல் படகை இறக்கியிருந்தால், அத்தனை நாள் உழைப்பும் கரையோரத்திலேயே நீரில் மூழ்கியிருக்கும். பாக் சிக் வாய்விட்டுச் சிரித்தார்.

தாத்தாவை உடனே ஏற்றவில்லை. முதலில் படகைக் கரையில் கட்டி மிதக்கவிட்டு, அரைமணி நேரம் கவனித்தனர். பிறகு அப்பாவும் பாக் சிக்கும் மட்டும் ஏறி, கரையை ஒட்டி ஓட்டித் திரும்பினர். மகள் பின்பலகையின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. சுத்தியலின் கைப்பிடியால் தட்டினாள். 'டக் டக்' என்ற ஒலி தெளிவாகக் கேட்டது.

"இப்போது வாருங்கள், தாத்தா" என்று கை நீட்டினாள்.

படகு மெல்ல அக்கரையை நெருங்கியது. தாத்தா மரங்கள் அடர்ந்த ஓரிடத்தைச் சுட்டிக்காட்டி, சம்பான் வந்து நின்ற படித்துறை அங்கேதான் இருந்தது என்றார். அங்கு இப்போது படித்துறை இல்லை. இருந்தாலும் அப்பா இயந்திரத்தை நிறுத்தினார். சற்று நேரம் எல்லாரும் அந்தக் கரையைப் பார்த்தபடி இருந்தனர்.

பதறாத காரியம் சிதறாது என்பர் பெரியோர். தீபாவளிக்குள் முடிக்க வேண்டும் என்று பதறியிருந்தால், படகு அழகாக மட்டுமே இருந்திருக்கும். நான்கு மாதங்கள் பொறுத்ததால், அதில் நம்பி ஏற முடிந்தது.

சொற்பொருள்

விசைப்படகு – இயந்திரத்தால் இயங்கும் படகு
பின்பலகை – படகின் பின்புறத்தை மூடியிருக்கும் பலகை
மக்கிப்போதல் – ஈரத்தால் வலுவிழந்து சிதைதல்
கடினமாக்கி – பசையை இறுகச் செய்யும் திரவம்
வடிதுளை – படகினுள் தேங்கும் நீர் வெளியேறுவதற்கான துளை

கருத்துணர் வினாக்கள்

1. பின்பலகை பழுதடைந்திருந்ததை எவ்விரு சோதனைகள் உறுதிப்படுத்தின?
2. கண்ணாடியிழைப் படகின் உள்ளே இருந்த மரம் மக்கிப்போனதற்குக் காரணம் யாது?
3. "தாத்தா இங்கேதானே உட்காருவார், அப்பா?" எனும் கேள்வி அப்பாவின் முடிவை எவ்வாறு மாற்றியது?
4. முதற்கலவை இறுகாமல் போனதற்கான காரணத்தை உன் சொந்த நடையில் விளக்குக.
5. அனுபவம் மிக்கவர்களுக்கும் சரிபார்ப்புப் பட்டியல் தேவையா? பகுதியிலிருந்து சான்று காட்டி உன் கருத்தை எழுதுக.