பிக்ட் கற்களைத் தேடிப் போகிறீர்களா?

ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியில் பிக்ட் என்ற பழங்கால மக்கள் செதுக்கிய கற்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு:

• ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் போங்கள். அபர்லெம்னோ கிராமத்துக் கற்களைக் குளிர்காலத்தில் மரப்பெட்டியால் மூடிவிடுவார்கள்.

• மீகிள் கிராமத்தின் பழைய பள்ளிக்கூடமே இன்று அருங்காட்சியகம்; 20-க்கும் மேற்பட்ட கற்கள் அங்கே உள்ளன. திறந்திருக்கும் நாளை முன்பே விசாரியுங்கள்.

• வெளியில் நிற்கும் கற்களைக் காலை, மாலைச் சாய்வெயிலில் பாருங்கள். தேய்ந்த கோடுகளும் துலங்கும். சாக்பீஸால் தீட்டாதீர்கள்; கல் கெடும்.

• கிராமத்து பப்களில் மதியச் சாப்பாடு சீக்கிரமே முடிந்துவிடலாம். சற்று முன்னதாகப் போங்கள். வேண்டியதைக் கவுன்டரிலேயே சொல்லுங்கள்.

• வண்டி ஓட்டுகிறவர் பீரையும் தொட வேண்டாம். 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹால்தான் இங்கே வரம்பு, இங்கிலாந்தில் 80.