பொங்கலன்றும் வேலைக்கு வரச் சொன்னால்

சொந்தக் கமம் இருந்த காலத்தில் விடுமுறை என்பதை நாம் யோசித்ததில்லை. மாட்டுக்கு வைக்கோல் போடவும் வாழைக்குத் தண்ணீர் கட்டவும் பெருநாளென்று விட்டுவைக்க முடியாது. அதேபோல, தைப்பொங்கலன்று முற்றத்தில் பானை வைக்க எவரிடமும் அனுமதி கேட்டதுமில்லை. இடம்பெயர்ந்து, காணியை விட்டு, பிள்ளைகளை நகரத்துக் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் அனுப்பிய பின்னர் நிலைமை வேறு. பொங்கலுக்கு முதல்நாள் மாலை முதலாளி கூப்பிட்டு, "தம்பி, நாளைக்கும் ஒருக்கா வந்திட்டுப் போ, சனம் வரும்" என்கிறார். பிள்ளையும் போகிறான். கிழமை முடிவில் கையில் வருவது வழமையான நாட்கூலிதான். சில முதலாளிமார் ஒரு வேட்டியும் கொடுப்பார்கள். வேட்டி நல்லதுதான். ஆனால் அது அவருடைய அன்பளிப்பு. சட்டம் சொல்லும் கொடுப்பனவு வேறு.

எந்தெந்த நாட்கள்?

நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் உள்ள எல்லா நாளும் கடை ஊழியருக்கு விடுமுறை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அரச விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று பிரிவுகள் உண்டு. தனியார் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கு 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருடத்தில் எட்டு நாட்கள் சம்பளத்துடன் விடுமுறை. தைப்பொங்கல், பெப்ரவரி 4 சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முதல்நாள், புத்தாண்டு தினம், மே 1, வெசாக் போயாவுக்கு அடுத்த நாள், நபிகள் நாயகத்தின் பிறந்த தினம், நத்தார் ஆகியவையே அவை.

பெரிய வெள்ளிக்கிழமை இதில் இல்லை. தீபாவளியும் மகா சிவராத்திரியும் இல்லை. அவை அரச, வங்கி விடுமுறைகள் மட்டுமே. நமக்கு இது மனக்கஷ்டம் தரும் செய்திதான். ஆயினும் இல்லாத உரிமையை இருக்கிறதென்று நம்பி முதலாளியுடன் வாதாடப் போனால், இருக்கிற உரிமையையும் அவர் காதில் வாங்கமாட்டார். அந்த நாட்களில் கோவிலுக்குப் போக விரும்புவோர், தமக்கு உரிய அமய லீவில் ஒன்றை முற்கூட்டியே எழுத்தில் கேட்டு எடுத்துக்கொள்வதே வழி.

எவ்வளவு கிடைக்க வேண்டும்?

அந்த எட்டு நாட்களிலும் வேலைக்குக் கூப்பிடவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. கூப்பிட்டால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஒன்றில் அந்த வருடம் டிசம்பர் 31 ஆம் திகதிக்கு முன்னரோ அன்றோ வேறொரு நாளைச் சம்பளத்துடன் விடுமுறையாகத் தரவேண்டும். அல்லது அன்றைய வேலைக்கு இரட்டைச் சம்பளம் தரவேண்டும்.

நாட்சம்பளம் 1,600 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பொங்கலன்று வேலை செய்தவருக்கு இரட்டைச் சம்பளமாக 3,200 ரூபா கிடைக்க வேண்டும். முதலாளி 1,600 ரூபா மட்டும் கொடுத்தால், பின்னர் ஒருநாள் வீட்டில் இருக்கவிட்டு அன்றைக்கும் 1,600 ரூபா கொடுக்க வேண்டும். எந்த வழியில் பார்த்தாலும் அந்த ஒருநாள் உழைப்புக்குக் கணக்கு ஒன்றுதான். "பிறகு பார்ப்போம்" என்று இழுத்தால் இழப்பு நமக்கே. நத்தாரன்று வேலை செய்தவருக்கு மாற்று விடுமுறை கொடுக்க ஆறு நாட்கள்தான் மிச்சம் என்பதையும் கவனியுங்கள்.

போயா தினத்தின் கணக்கு வேறு. 1971 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விடுமுறைகள் சட்டத்தின்படி, அன்று வேலை செய்பவருக்கு வழமையான நாட்சம்பளத்தின் ஒன்றரை மடங்கு உரியது. மேலே சொன்னவருக்கு அது 2,400 ரூபா.

அரிசி ஆலை, செங்கல் சூளை, தென்னந்தோட்டம் போன்ற இடங்களில் வேலை செய்வோர் பெரும்பாலும் 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவர். அவரவர் தொழிலுக்கான சபையின் தீர்மானத்தைத் தொழில் அலுவலகத்தில் கேட்டறியலாம். அயலவரின் வயலில் நாட்கூலிக்கு நாற்று நடுபவருக்கும், வீட்டு வேலை செய்யும் சகோதரிகளுக்கும் கடைச் சட்டம் பொருந்தாது. நம்மில் கூடுதலானோர் செய்யும் வேலைகள் இவைதான் என்பது பெரிய குறை. அங்கெல்லாம் பெருநாள் கூலியை வேலையில் இறங்குமுன்னரே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கேட்பது?

ஒரு சிறு கொப்பி வாங்குங்கள். திகதி, வந்த நேரம், போன நேரம், வாங்கிய காசு ஆகிய நான்கையும் ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். நியமனக் கடிதம் இல்லாதவருக்கு இந்தக் கொப்பி பெரிய துணை. கடை ஊழியருக்கு வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுப்பது முதலாளியின் கடமை. எனவே அதையும் கேட்கலாம்.

கேட்கும்போது சண்டை வேண்டாம். "ஐயா, பொங்கலன்று வந்தேன்தானே, அதற்கு வேறொரு நாள் லீவு தருவீர்களா, இரட்டைச் சம்பளம் தருவீர்களா?" என்று கேட்டாற் போதும். வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. தனியாகக் கேட்பதைவிட அங்கே வேலை செய்யும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கேட்பது நல்லது.

மறுத்தால் தொழில் திணைக்களத்துக்கு எழுதலாம். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய இடங்களில் அதற்கு அலுவலகங்கள் உண்டு. தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை. கடையின் பெயர், விலாசம், வேலைக்குச் சேர்ந்த திகதி, வேலை செய்த விடுமுறை நாட்கள், கிடைத்த தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முகாமில் இருக்கிறோம், நிரந்தர விலாசம் இல்லை என்று தயங்க வேண்டாம். உழைத்த சம்பளத்துக்கான உரிமை வதிவிடத்தைப் பொறுத்ததல்ல.

குழுவில் பேசுவதற்கு

1. நம் குடும்பங்களில் சென்ற வருடம் இந்த எட்டு நாட்களில் வேலைக்குப் போனவர்கள் யார்? எவ்வளவு கிடைத்தது?
2. அவர்களில் யார் கடைச் சட்டத்தின் கீழ், யார் சம்பளச் சபையின் கீழ், யார் இரண்டிலும் இல்லை?
3. எழுத வாசிக்கச் சிரமப்படுவோரின் கொப்பியை எழுதிக் கொடுக்க நம்மில் யார் முன்வருவார்?