நின்றதா, நிறுத்தப்பட்டதா?

சேவையகக் கணினியிலே ஒரு பிரயோக மென்பொருள் திடீரென ஓய்ந்துவிடின், "எதிர்பாராத வகையில் முடிவுற்றது" என்றோர் அபாய அறிவித்தல் தோன்றும். தமிழ் கற்பிக்கும் நாம் இவ்வாக்கியத்தை இலக்கணக் கண்கொண்டு நோக்கினால் அதன் குறை உடனே புலப்படும். முடிந்தது எதுவெனச் சொல்கிறது. முடித்தது யாதெனச் சொல்லவில்லை. வினைச்சொல் உணர்த்தும் ஆறனுள் செய்பவனையே நன்னூலார் முதற்கண் வைத்தார். ஈண்டு அச்செய்பவனே மறைந்து நிற்கின்றான். அவனைத் தேடுவதே பழுதாராய்ச்சி.

லினக்ஸ் பணிசெயல் முறைமையிலே முடிவெண் என ஒன்றுண்டு. மென்பொருள் தன் பணியைச் செவ்வனே முடித்து விடைபெற்றால் அது 0. தானே வழுக்கண்டு விலகினால் பெரும்பாலும் 1 போன்ற சிற்றெண். சைகையொன்றால் நிறுத்தப்பட்டிருப்பின், அச்சைகையின் எண்ணோடு 128 கூட்டி வருதல் பொது வழக்கு. 143 எனின் சைகை 15. "முடித்துக்கொள்" என்னும் பணிவான கட்டளை, ஏட்டை மூடிவைக்க அவகாசமுண்டு. 139 எனின் சைகை 11. தனக்குரியதல்லாத நினைவகப் பகுதியைத் தொட்டதற்குத் தண்டனை. 137 எனின் சைகை 9, அவகாசமே இல்லை.

இந்த 137 பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். பிரதான நினைவகம் நிரம்பி முறைமையே தடுமாறும் வேளையில், அதன் கருப்பகுதியானது பெரும்பாலும் மிகுந்த இடத்தைப் பிடித்திருக்கும் மென்பொருளைத் தெரிந்து மாய்த்துவிடும். மாய்ந்தது இறுதிச் சொல்லொன்றும் எழுதாது. ஆதலின் அதன் சொந்தப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருத்தல் வீண். கருப்பகுதியின் பதிவேட்டிலேயே செய்தி கிடக்கும். அங்கும் இல்லையேல், மனிதர் எவரேனும் அச்சைகையை ஏவினரா என வினவுக. பலியானதே குற்றவாளி என்றும் கொள்ளற்க. பிரதியெடுக்கும் பணியொன்று நினைவகத்தை விழுங்க, ஒழுங்காய் உழைத்த தரவுத்தளம் மாய்வதுண்டு.

விண்டோஸ் சேவையகமாயின் முறைமைப் பதிவேட்டில் 7034 ஆம் இலக்கக் குறிப்பைக் காண்க. எத்தனையாவது முறை நின்றதென்பதையும் அது கூறும். மூன்றாம் முறையென்றிருப்பின், முன்னிரு முறையும் எவரோ மீளத் தொடக்கிவிட்டு வாளாவிருந்தனர் என்பது பொருள்!

நிறுத்திய கை பகைக் கையாயின் மீளத் தொடக்குவதாற் பயனில்லை. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவை கப்பம் கோரும் தீநிரலால் தாக்குண்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்கப்படாது போயின. பிரித்து வைத்த பிரதி அக்காலத்துக்கு இருக்கவில்லை.

வெள்ளவத்தைக் கடையிலே வாடிக்கையாளர் வரிசையில் நிற்க, நாம் ஆராய்ச்சி நடத்துதல் தகாது. மீளத் தொடக்கவே வேண்டும். ஆயினும் அதற்குமுன் பதிவேடுகளின் படியொன்றை எடுத்துவைத்தல் கடன். ஏனெனில், அதே கடையின் கொட்டாஞ்சேனைக் கிளையிலிருக்கும் காசாளர், தாம் பதிந்த பற்றுச்சீட்டு ஏறியதோ இல்லையோ என்றறியாது மீண்டும் பதிந்திருக்கலாம். ஒரு விற்பனை இரண்டாகும். மாலையிலே பெட்டியிற் பணம் குறையும். ஐயம் அவர் மீதே விழும். அவரை வினவுமுன், மென்பொருள் நின்ற நேரத்தையும் அந்நேரத்துப் பற்றுச்சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க.